எருக்கந்தூண் நின்ற கோலம்

ஆஹா, புழலே! தொண்டை மண்டலத்து 24 கோட்டங்களுள் ஒன்றுக்குத் தலைமை தாங்கி, குறும்பர் கோட்டை கொத்தளங்களோடு நிமிர்ந்து நின்ற பேரூரே! உன் மதில் எங்கே, முரசு எங்கே என்று தேடி அலைவானேன்? தென்மேற்கே திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் சந்நிதிக்குப் போனால் போதும்.

கருவறை முன்னே இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள். ஓணன், காந்தன் என்னும் குறும்பரை வென்ற தொண்டைமான், புழல் கோட்டையிலிருந்து பெயர்த்து வந்து எம்பெருமானுக்குச் சமர்ப்பித்தவை. போரில் அவன் வென்றது பிறகு, முதலில் தோற்றான்! தோற்றுத் திரும்பும் வழியில் யானைக் காலை முல்லைக்கொடி பின்ன, வேந்தன் வாள் வீச, கொடியடியில் குருதி பீறிட, விலக்கிப் பார்த்தால் வெட்டுண்ட சிவலிங்கம்! ஐயோ என்று அலறித் தன் தலையையே அரியத் துணிந்தானே, அக்கணமே அவன் ஆட்கொள்ளப்பட்டான். காயத்தோடு காட்சி தந்த கருணாமூர்த்தி, நந்தியம்பெருமானையே படைத்துணையாக அனுப்பினார். இன்றும் அந்த நந்தி, சுவாமிக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி, புறப்பட்ட கோலத்திலேயே அமர்ந்திருக்கிறார். என்ன அழகு! என்ன வேகம்!

வெட்டுண்ட அந்த லிங்கத் திருமேனிக்கு ஆண்டெல்லாம் சந்தனக்காப்பு. கற்பூரச் சுடர் அதில் படிந்து பொன்னாய்ப் படர்ந்தபோது, சுந்தரமூர்த்தி சுவாமிகள் உருகிப் பாடிய அதே சந்நிதியில், என் கல்வி, என் செருக்கு, என் பெயர் எல்லாம் கழன்று கழன்று விழுந்தன. எருக்கைப் பார்த்தேன். தரிசில் தானாய் முளைக்கிற செடி! கோட்டையைத் தாங்கியபோது அதைத் தொழுதார் இல்லை. இறைவன் வாசலில் நின்றபின் அரசரும் அதன் நடுவேதான் கைகூப்புகிறார்கள். தேவதேவா, என்னையும் பெயர்த்தெடு! உன் வாசலில் நடு!

புழலும் கோட்டையாக நிலைக்கவில்லை, நீராகி நிலைத்தது. கொசஸ்தலையாற்று வெள்ளம் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திரும்பி, சோழவரம் வழியாக வந்து புழல் ஏரியில் நிறைகிறது. 1876-இல் சென்னையின் தாகத்துக்கென்று பெரிதாக்கிய ஏரி. இன்று 3,300 மில்லியன் கன அடி கொள்ளும். மாநகரமே பருகியும் மிஞ்சினால், மணலி, சடையன்குப்பம் கடந்து எண்ணூரில் கடல் சேர்கிறது. குழாயடியில் குடம் நிறைக்கும் தாய்மாரே, அது தீர்த்தம்! அபிஷேக தீர்த்தம்!

சித்திரைச் சதயத்தையொட்டி மட்டுமே அந்தச் சந்தனக்காப்பைக் களைகிறார்கள். அடியார்களே, அப்போது வாருங்கள். வாள்பட்ட தழும்பைக் கண்ணாரக் காணலாம்.