முந்தி வந்தவர் யார்?

1970 அக்டோபரில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு மேயர் தேவாலயத்துக்கு வந்தார். பிரசங்கம் கேட்க வரவில்லை. பிலடெல்பியாவை அடுத்த மவுன்ட் லாரலில், ஜேக்கப்ஸ் சாப்பல் என்ற அந்தச் சிறு ஆலயத்தில் கூடியிருந்தவர்கள் கறுப்பின மக்கள். சிலர் கோழிக் கொட்டகைகளைச் சீராக்கி அவற்றில் குடியிருந்தார்கள். 36 அடுக்குமாடி வீடுகள் கட்ட நில வகைப்பாட்டை மாற்றித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இங்கே வாழ வசதி இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான் என்றார் மேயர்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எத்தல் லாரன்ஸ். மழலையர் பள்ளி ஆசிரியை. அவர் குடும்பத்துக்கு ஆறு தலைமுறையாக அதுதான் ஊர்.

ஊரின் மற்றவர்கள் எப்போது வந்தார்கள்? 1950இல் மவுன்ட் லாரலின் மக்கள்தொகை 2,817. 1970இல் 11,221. அதாவது, ஊரில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நேற்று வந்தவர்கள்.

ஓரிடத்தில் முந்திக் குடியேறியவருக்குப் பிந்தி வருபவரைத் தடுக்கும் உரிமை உண்டா? பந்தியில் இடம்பிடித்தவர் இனி இலை போடாதே என்று சொல்லலாமா? தத்துவ அறிஞர் மைக்கேல் வால்சர் 1983இல் இதற்கு ஒரு பதில் தந்தார். நாடு தன் வாசலைக் காத்தால்தான் நாட்டுக்குள் அக்கம்பக்கம் திறந்திருக்க முடியும், இல்லாவிட்டால் ஒவ்வொரு குடியிருப்பும் ஒரு குட்டி நாடாகிவிடும் என்பது அவர் வாதம். மவுன்ட் லாரலிலோ ஊரே வாசலை அடைத்தது. முந்தி வந்தவருக்கே உரிமை என்று வைத்துக்கொண்டாலும், அந்த உரிமை லாரன்ஸ் குடும்பத்துக்கல்லவா சேரவேண்டும்? ஆக, அங்கே பேசியது முன்னுரிமை அல்ல. பணம். நிறமும்தான்.

எதிர்த்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அங்கே பள்ளிகள் பெரும்பாலும் சொத்துவரியில் நடப்பவை. மலிவான வீடுகளில் பிள்ளைகள் பெருகினால் வரி ஏறும் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது. வாழ்நாள் சேமிப்பெல்லாம் வீட்டில் முடங்கியவருக்கு அதன் விலை சரியும் என்ற பயம் வருவதும் இயல்பே. ஆனால் அந்தக் கணக்கு எதுவரை போனது தெரியுமா? ஊர் அனுமதித்த பெருந்திட்டங்களில் 100 அடுக்குமாடி வீடுகளுக்குச் சராசரியாக 30 பள்ளிப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், மிச்சமுள்ள பிள்ளைகளின் படிப்புச் செலவைக் கட்டுமான நிறுவனமே ஏற்கவேண்டும் என்று நிபந்தனை! பிள்ளை பிறப்பதே ஊருக்கு நட்டம் என்று எழுதிவைத்தது போலத்தான்.

நல்ல சமாரியன் கதையைச் சொல்லும் ஆலயங்களுக்கு அங்கே குறைவில்லை. அயலான் யார் என்று கேட்ட வேத வல்லுநருக்கு இயேசு எல்லை வகுத்துக் காட்டவில்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காட்டினார். வகைப்பாட்டுக் கூட்டங்களிலோ உள்ளூர்க்காரர்தான் பேசுவார். வீடு கிடைக்காததால் வெளியூரில் இருப்பவருக்கு அங்கே குரலும் இல்லை, ஓட்டும் இல்லை.

லாரன்சும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 1975இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் குரலையும் கணக்கில் சேர்த்தது. சுற்றுவட்டாரத்தின் வீட்டுத் தேவையில் ஒவ்வோர் ஊரும் தன் பங்கை ஏற்கவேண்டும் என்று நீதிபதி பிரெடரிக் ஹால் எழுதினார். ஊர் இழுத்தடித்தது. 1983இல் நீதிமன்றம் மறுபடி கண்டித்தது. எத்தல் லாரன்ஸ் 1994இல் காலமானார். அவர் பெயரிலான குடியிருப்பு 2000இல்தான் திறந்தது. அங்கே 140 வீடுகள் அமைந்தன. பிரின்ஸ்டன் சமூகவியலாளர் டக்ளஸ் மாசியின் குழு அதன் விளைவுகளை ஆராய்ந்து 2013இல் நூலாக வெளியிட்டது. குற்றம் கூடவில்லை, வரி ஏறவில்லை, வீட்டுவிலை சரியவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் பலருக்கு அப்படியொரு குடியிருப்பு இருப்பதே தெரியவில்லை.

2024இல் நியூ ஜெர்சி ஒவ்வோர் ஊரின் பங்கைக் கணக்கிடப் புதிய சட்டம் இயற்றியது. மான்ட்வேல் தலைமையில் சில ஊர்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. நில வகைப்பாட்டுக் கூட்டங்களில் ஒலிவாங்கியைப் பிடிப்பவரிடம், நீங்கள் எந்த ஆண்டு குடிவந்தீர்கள் என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது.