ஒரே இன்ஜின் தரும் நீதி

போட்டியில் நீதி என்பது எல்லோருக்கும் ஒரே கருவியைக் கொடுப்பதா, சிறந்த கருவியை அவரவர் உருவாக்கிக்கொள்ள விடுவதா? கார் பந்தயத்தில் இதற்கு விடை சொல்பவை இன்ஜின் விதிகள். ஃபார்முலா ஒன் 2014-இல் 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைப்ரிடுக்கு மாறியதும் செலவு எகிறியது. அந்த ஆண்டின் 19 பந்தயங்களில் 16-ஐ மெர்சிடிஸ் அணியே வென்றது. இன்ஜின் தயாரிப்பாளர்களுக்குச் செலவு வரம்பு 2023-இல்தான் வந்தது.

கோவையின் பந்தய வண்டி வடிவமைப்பாளர் எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியிலேயே வேறு வழி கண்டார். குடும்பங்கள் ஓட்டிய மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சிசி இன்ஜினையே ‘ஃபார்முலா மாருதி’ என்ற பந்தய வண்டிகள் எல்லாவற்றிலும் பொருத்தினார். உதிரிப் பாகங்கள் உள்ளூர்க் கடையிலேயே கிடைத்தன. அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். புதிய தொழில்நுட்பம் பிறக்கச் சுதந்திரம் வேண்டும், உண்மைதான். ஆனால் ஓட்டுநரின் திறமையை அளப்பதுதான் நோக்கமென்றால், கரிவரதன் காட்டிய வழியே நியாயமானது.