எதை ஓதப் போகிறோம்?

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலைச்சாரலில் அமிர்தி எனும் வனப்பகுதி இருக்கிறது. சென்ற டிசம்பர் மாதக் கடைசியில், முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவருடன் அங்கே சென்றிருந்தேன். ஓடைக்கரை மரத்தடியில் லுஹர் தொழுதுவிட்டு அமர்ந்திருந்தபோது அவர் ஒரு குறிப்பேட்டை என்முன் நீட்டினார். “ஹஜ்ரத், வரும் ஆண்டில் நான் என்னென்ன நூல்களைப் படிக்க வேண்டும்? தாங்களே எழுதிக் கொடுங்கள்” என்றார்.

ஓர் ஆசிரியனுக்கு இதைவிட மகிழ்ச்சியளிக்கும் வேண்டுகோள் வேறென்ன உண்டு? மளமளவென எழுதினேன். அரபியில் இமாம் கஸ்ஸாலியின் ‘இஹ்யா உலூமித்தீன்’, இப்னு கல்தூனின் ‘முகத்திமா’. தமிழில் உமறுப்புலவரின் ‘சீறாப்புராணம்’, சித்திலெப்பை 1885-ல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ என முப்பது பெயர்கள் சேர்ந்துவிட்டன. அதனை வாங்கிப் பார்த்த மாணவர், “இவற்றுள் தங்கள் உள்ளத்தை மிகவும் தொட்டது எது?” என்று கேட்டார்.

நான் விடை கூறத் தயங்கினேன். அந்த முப்பதில் நான் முதலிலிருந்து முடிவுவரை ஓதியவை பதினொன்றே. முகத்திமாவில் சில அத்தியாயங்களை மட்டுமே பார்த்திருக்கிறேன். வேறு சில நூல்களைப் பிறர் புகழக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். நாவினால் நான் பொய்யேதும் உரைக்கவில்லை. ஆயினும், அனைத்தையும் கற்றுத் தேர்ந்தவன் என்று அவர் எண்ணும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். வெட்கத்துடன் குறிப்பேட்டைத் திரும்ப வாங்கி, ஓதாதவற்றை அடித்தேன்.

இஹ்யா நாற்பது பகுதிகளைக் கொண்டது. அவை வணக்கங்கள், வாழ்க்கை முறைகள், அழிவில் ஆழ்த்துவன, ஈடேற்றம் அளிப்பன என நான்கு கால்களாக வகுக்கப்பட்டிருக்கின்றன. அழிவில் ஆழ்த்துவன எனும் மூன்றாம் காலில், புகழாசையையும் ரியா எனும் முகஸ்துதியையும் இமாம் அவர்கள் ஆராய்கிறார்கள். அந்நூலின் பெயரையே முகஸ்துதிக்காக நான் எழுதினேன் என்றால், அதனை ஓதியும் நான் பெற்றது என்ன?

மாணவர் மறுப்பொன்று கூறினார். “தாங்கள் ஓதியதை மட்டுமே எனக்குக் காட்டினால், தங்கள் அறிவின் எல்லையே என் எல்லையாகிவிடாதா?” நியாயமான கேள்வி. ஓதாத நூலைப் பரிந்துரைப்பது குற்றமன்று. அதை ஓதியவன்போல் காட்டுவதே குற்றம். ஆகவே, அடித்த பெயர்களில் மூன்றை மீண்டும் எழுதி, “இவற்றை நானும் ஓதவில்லை, இருவரும் சேர்ந்து தொடங்குவோம்” என்று அருகில் குறித்தேன்.

அடுத்தது எண்ணிக்கை பற்றியது. இல்முக்கு எல்லையில்லை என்பது உண்மையே. ஆனால் ஆயுளுக்கு எல்லை உண்டு. எனக்கு வயது 56. இன்னும் இருபது ஆண்டுகளை இறைவன் அருளினாலும், மாதம் ஒரு நூல் வீதம் 240 நூல்களையே நான் ஓத இயலும். ஒரு சிறு அலமாரியில் அவை அடங்கிவிடும். அப்படியானால், ஒரு நூலைப் பட்டியலில் சேர்ப்பது மற்றொன்றை விட்டுவிடுவதுமாகும். சீர்காழியில் 1892-ல் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது முதலாவது. வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது நான்காவது. பயன் தராத அறிவைவிட்டு இறைவனிடம் காவல் தேடிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினரான நாம், இவ்விரண்டையும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

சீறாப்புராணத்தையே எடுத்துக்கொள்வோம். 5027 பாடல்கள் என்றதும் நெஞ்சம் மலைக்கிறது. நாளொன்றுக்குப் பதினைந்து பாடல்கள் ஓதினால் 336 நாட்களில் நிறைவுறும். ஹிஜ்ரி ஆண்டின் 354 நாட்களில் இன்னும் பதினெட்டு நாட்கள் எஞ்சும். நோயும் பயணமும் விருந்தினரும் வரும் நாட்களுக்கு அவை போதும். இஷாவுக்குப் பின் ஒருவர் ஓத, மனைவி மக்கள் கேட்க, பொருள் விளங்காத சொல்லுக்கு அகராதியைப் புரட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால், அது ஒரு தனிமனிதரின் பட்டியலாக இராமல் குடும்பத்தின் பட்டியலாகிவிடும். முப்பது நூல்களைப் பாதியில் விடுவதைவிட, இவ்வாறு ஒன்றை முழுமையாக ஓதுவது மேலன்றோ?

என் குறிப்பேட்டில் இவ்வாண்டுக்கு ஐந்து பெயர்களே உள்ளன. ஒன்று, இளமையில் ஓதி, இன்று மறந்துபோனது. ஒன்று, வீட்டாருடன் ஓதுவதற்குரியது. மற்ற மூன்றும் அம்மாணவருடன் சேர்ந்து தொடங்குபவை. பட்டியலின் தலைப்பில் ‘இன்ஷா அல்லாஹ்’ என்று எழுதியிருக்கிறேன். நாளை இதைச் செய்வேன் என்று இறைநாட்டத்தைச் சேர்க்காமல் கூற வேண்டாமென சூரத்துல் கஹ்ஃபு நமக்குக் கற்பிக்கிறதல்லவா?

அன்பர்களே! தாங்களும் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். எழுதிய பின், “இதனை எவரும் பாராவிடினும் இந்நூலை நான் ஓதுவேனா?” என்று ஒவ்வொரு பெயரிடத்தும் தங்களையே கேளுங்கள். ஆம் என்று உள்ளம் உரைப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓதியதைக் கொண்டு அமல் செய்யும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்குவானாக. ஆமீன்!