கயிறு பிடிப்பவர் யார்?

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலை அடுத்து நிற்கிறது சித்தன்னவாசல் குன்று. அக்குன்றைக் குடைந்து சமணர் அமைத்த அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானைகளும் எருமைகளும் நீராடுகின்றன, மூவர் நீரில் நின்று பூக் கொய்கின்றனர். அறவுரை கேட்கப் பேரவைக்குச் செல்வோர் வழியில் இறங்கிப் பூப்பறிக்கும் குளம் அது எனச் சமண நூல் கற்றோர் விளக்குவர். குளத்தைக் காண்போர் குனிந்து பார்ப்பதே உலக வழக்கம். இக்குளத்தைக் காண்பவரோ அண்ணாந்து பார்க்க வேண்டும். நீருக்கு அடியில் கிடந்து மேலே நோக்குபவர் போன்றதோர் உணர்வு அப்போது நமக்கு உண்டாகிறது.

அந்த விதானத்தின் கீழே நின்றுகொண்டுதான், சிறு வயதில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் தம் உள்ளக்கிடக்கையை வெளியிட்டார். அன்னவாசலைச் சேர்ந்தவர், இன்று வெளிநாட்டில் பொறியாளராகப் பணிபுரிபவர், விடுமுறையில் வந்திருந்தார். "ஹஜ்ரத், கடலுக்கடியில் மல்லாந்து பார்த்தால் இப்படித்தான் தெரியுமாம். இரண்டு ஆண்டுகளாகப் பணம் சேர்த்திருக்கிறேன்" என்றார். இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் உள்ள ராஜா அம்பாட் தீவுகளுக்குச் சென்று, முதன்முறையாக ஸ்கூபாக் கருவி அணிந்து மூழ்கிப் பார்ப்பது அவரது திட்டம். உலகில் அறியப்பட்ட கல்பவள இனங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு அக்கடலில் வாழ்வதாக அறிஞர் கணக்கிட்டுள்ளனர். அவரது ஆவலில் நாம் குறை காணவில்லை.

ஆனால் அடுத்து அவர் கூறிய இரண்டு செய்திகள் நம்மைத் திடுக்கிடச் செய்தன. தாயாரிடம் இதனை அலுவலகப் பயணம் என்றே சொல்லியிருக்கிறாராம். கேட்டால் நாமும் அவ்வாறே சொல்ல வேண்டுமாம். மற்றொன்று, மூழ்குவதற்கு முன் நிரப்பித் தரவேண்டிய உடல்நலப் படிவத்தில், ஆஸ்துமா உண்டா என்ற வினாவுக்கு 'இல்லை' என்று எழுதியிருக்கிறாராம். "கடைசியாக இரைப்பு வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது, ஹஜ்ரத். உண்டு என்று எழுதினால் மருத்துவரிடம் போ என்பார்கள், எல்லாம் தள்ளிப்போகும்" என்றார்.

அழகைக் காண்பதற்காக உயிரை ஆபத்தில் நிறுத்துவது ஆகுமா? இவ்வினாவுக்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. பிழைப்புக்கு வேண்டாத பயணம் வீண்விரயம். ஆகவே கூடாது என்பது ஒன்று. என் பணம், என் உயிர்; யாரைக் கேட்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. பூமியில் சுற்றிப் பார்த்துச் சிந்திக்குமாறு திருமறை பலவிடங்களில் ஏவுகிறது. கடலை மனிதனுக்கு வசப்படுத்தித் தந்திருப்பதையும் அருட்கொடையாக எடுத்துரைக்கிறது. அதே திருமறை, தம் கைகளாலேயே தம்மை அழிவில் எறிந்துகொள்வதையும் தடுக்கிறது. இவ்விரு கட்டளைகளுக்கும் இடையில்தான் மனிதன் நடக்க வேண்டியிருக்கிறது. ஆபத்து இருப்பதனாலேயே ஒரு செயல் தீயதாகிவிடாது. அவ்வாறாயின் பாய்மரம் விரித்து மலாக்காவுக்கும் சுமத்திராவுக்கும் சென்ற நம் முன்னோரை எல்லாம் குற்றவாளிகளாக்க வேண்டிவரும்.

முத்துக் குளித்தவர்களையும் அப்படியே. மூழ்குபவரை அரபியில் 'கவ்வாஸ்' என்பர். ஆழ்ந்த பொருளைத் தேடி எடுக்கும் அறிஞரையும் அச்சொல்லால் சிறப்பிப்பதுண்டு. மன்னார் வளைகுடாவில் பரதவரோடு கீழக்கரை முஸ்லிம்களும் முத்துக் குளித்தனர். காற்றுக் கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. கல்லில் கால் பதித்து, அதன் கனத்தால் அடித்தரைக்கு இறங்கி, ஒரு நிமிட அளவு மூச்சை அடக்கிச் சிப்பிகளை வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பர். மேலே தோணியில் இருப்பவர் இழுத்தெடுப்பார். தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டுடன் அந்த முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆனால் அதைப் பற்றிய ஒரு செய்தி கடற்கரையூர்களில் இன்றும் வழங்குகிறது. மூழ்குபவரின் கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பை அவர் மனைவியின் உடன்பிறந்தானிடமே ஒப்படைப்பார்களாம். தன் சகோதரி கைம்பெண்ணாவதை எந்தச் சகோதரனும் பொறுக்க மாட்டான் அல்லவா?

அக்காலத்தில் 'கடற்கட்டி' என்று ஒருவரும் இருந்தார். மந்திரத்தால் சுறாமீன்களின் வாயைக் கட்டிவிடுவதாகச் சொல்லி அவர் கூலி பெற்றார். அவர் இருந்தால்தான் துணிவோடு இறங்கியவர் பலர். இன்று அவரிடத்தில் வண்ண விளம்பரங்கள் வந்து அமர்ந்திருக்கின்றன. நீந்தத் தெரிய வேண்டியதில்லை, அஞ்ச வேண்டியதில்லை, அரை மணியில் ஆழ்கடல் என்று அவை ஓதுகின்றன. இருவரில் எவர் சொல்லை நம்பினாலும் கேடுதான். மூழ்குபவனை உண்மையில் காத்தது கடற்கட்டியின் மந்திரமன்று. மைத்துனன் கையிலிருந்த கயிறே.

இப்போது நம் மாணவரின் படிவத்துக்கு வருவோம். ஃபிரெஞ்சு நாட்டவரான கூஸ்தோவும் காஞ்ஞானும் 1943-இல் உருவாக்கிய கருவியின் வழியாகவே ஸ்கூபா முறை உலகெங்கும் பரவிற்று. மூழ்குபவர் காற்றைத் தம் முதுகிலேயே சுமந்து செல்வதால் மேலிருந்து இழுக்கும் கயிறு இதில் இல்லை. ஆனால் கடலின் விதி மாறவில்லை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்காகிறது. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை வெளிவிடாமல் மேலே வந்தால், அக்காற்று இரு மடங்காக விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். ஆகவே ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது இக்கலையின் முதற்பாடம். ஆஸ்துமா உள்ளவருக்கோ, அவர் அடக்க நினையாதபோதும், சுருங்கிய மூச்சுக்குழல் காற்றை உள்ளே சிறைப்படுத்திவிடக்கூடும். சிலிண்டரிலிருந்து வரும் குளிர்ந்த உலர்காற்றே இரைப்பைத் தூண்டிவிடவும் கூடும். அந்த ஒரு வினாவைப் படிவத்தில் சேர்த்ததன் காரணம் இதுவே.

மற்றொரு விதியும் உண்டு. தனியே மூழ்கலாகாது, இணையாகவே இறங்க வேண்டும். ஒருவர் காற்றுக்குத் தவித்தால் மற்றவர் தம் காற்றைப் பகிர்ந்து, அவரைப் பற்றிக்கொண்டு மேலேற வேண்டும். ஆதலின் 'என் உயிர்' என்று பேசுவதற்கு அங்கே இடமில்லை. அறிமுகமற்ற ஒருவர், படிவத்தில் உள்ளதை மெய்யென நம்பி, தம் உயிரையும் உடன் வைத்து நம்மோடு இறங்குகிறார். அப்படிவந்தான் இக்காலத்துக் கயிறு. அதில் பொய் எழுதுபவன், கயிற்றை அறுத்துவிட்டு அதன் முனையை மைத்துனன் கையில் கொடுப்பவனாகிறான்.

தாயாரின் காரியமும் இதுவே. "சொன்னால் தடுத்துவிடுவார்கள், ஹஜ்ரத். அவர்கள் அச்சத்துக்காக நான் வாழ்நாள் முழுதும் கரையிலேயே நிற்க வேண்டுமா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பெற்றோரின் அச்சம் அனைத்தும் சட்டமாகிவிடாது. அறியாமையால் எழும் அச்சமும் உண்டு. ஆயினும் சொல்வது வேறு, கேட்டு அடங்குவது வேறு. வளர்ந்த மகன் தாயிடம் விளக்கலாம், வாதாடலாம், காத்திருக்கலாம். முடிவில் மாறுபடவும் நேரலாம். பொய் சொல்லும்போதோ, தாய்க்கு மறுக்கவும் வாய்ப்பில்லை. மனமார வாழ்த்தி அனுப்பவும் வாய்ப்பில்லை. இரைப்பு வந்த இரவுகளில் மகனை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டு விழித்திருந்தவர் அந்த அம்மையார். அந்த மூச்சின் வரலாற்றை அவரைவிட அறிந்தவர் எவர்? அவரிடம் மறைத்ததும் படிவத்தில் மறைத்ததும் ஒரே செய்தியைத்தான் என்பதை நாம் எடுத்துக்காட்டியபோது, அவர் தலைகுனிந்தார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கிராமத்து அரபிக்கு அறிவுறுத்திய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். கட்டாமல் விட்டுவிட்டு நம்பிக்கை பேசுவது நம்பிக்கையன்று. ஒரு பயணம் ஆகுமானதா என்பதை அறிய, அதில் எவ்வளவு ஆபத்து உள்ளது என்பதை மட்டும் கேட்டால் போதாது. அந்த ஆபத்தை யாரிடமிருந்து மறைக்கிறோம் என்றும் கேட்க வேண்டும். நம் கயிற்றைப் பிடிப்பவர்களிடம் ஒளிக்காமல் செய்யக்கூடிய துணிவு வீரம்; ஒளித்தால்தான் செய்ய முடியும் என்னும் துணிவு வஞ்சகம்.

நம்மிடம் அவர் வேண்டிய உதவிக்கும் விடை கூறியாக வேண்டியிருந்தது. "தம்பி, உன் தாயார் கேட்டால் நாம் பொய் சொல்ல மாட்டோம். நீ சொல்லுமுன் முந்திக்கொண்டு சொல்லவும் மாட்டோம். சொல்ல வேண்டியவன் நீ" என்றோம். அவர் முகம் வாடியது; நமக்கும் வருத்தமே. மாணவனின் அன்பை இழக்க நேருமோ என்ற அச்சம் அன்றிரவு நம்மை விட்டு நீங்கவில்லை.

கோயிலிலிருந்து புறப்பட்டு ஏழடிப்பட்டத்துக்கும் சென்றோம். சமணத் துறவியர் படுத்துறங்கிய 17 கற்படுக்கைகள் அக்குகையில் உள்ளன. அவற்றுள் ஒன்றில் தமிழ் பிராமிக் கல்வெட்டும் காணப்படுகிறது. செங்குத்தான பாறையில் வெட்டப்பட்ட ஏழு படிக்குழிகளில் கால்வைத்தே அங்குச் செல்ல வேண்டும். பெயரும் அதனாலேயே வந்தது. ஒரு குழியைத் தவறவிட்டு அடுத்ததில் கால்வைக்க முயல்பவர் கீழே பார்க்க நேரும். கடலுக்கும் இதே ஒழுங்குதான். முதலில் மருத்துவரும் மூச்சுச் சோதனையும். பிறகு நீச்சல் குளத்தில் பயிற்சி. அதன்பின் இலட்சத்தீவு, அந்தமான் போன்ற நம் நாட்டுக் கடலில் அமைதியான பருவத்தில் முதல் முழுக்கு. நீரோட்டம் வலுத்த ராஜா அம்பாட்டு அதற்கும் அப்பாலுள்ள படி. முழுக்குகள் முடிந்த பின்னும் 18 மணி நேரமாவது விமானம் ஏறாதிருக்க வேண்டும். இல்லையேல் குருதியில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகி வாட்டும்.

போகும் கடலுக்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவற்றுள் இரண்டு தீவுகள் பின்னர் நீருக்குள் மறைந்தன. பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தது அதற்கொரு காரணம் என்பர். விரல்நுனி பட்டாலும் புண்படும் உயிர் பவளம். காணச் செல்பவர் காண்பதோடு நிற்க வேண்டும்.

பத்து நாட்களுக்குப் பின் அம்மாணவர் தொலைபேசியில் அழைத்தார். படிவத்தைத் திருத்தி அனுப்பிவிட்டாராம். நுரையீரல் மருத்துவர் சோதனைக்கு நாள் குறித்திருக்கிறாராம். முடிவு எதுவாயினும் ஏற்பதாகச் சொன்னார். தாயாரிடமும் சொல்லிவிட்டாராம். அழுவார்கள் என்று அஞ்சியிருந்தார், அழவும் செய்தார்களாம். அழுகை ஓய்ந்தபின் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "கீழே உன் பக்கத்தில் யாருப்பா இருப்பாங்க?"

முத்துத் தோணிகளில் கேட்கப்பட்டதும் இக்கேள்விதான். மகன் அதற்கு மெய்யான விடை சொல்லக்கூடிய நிலைக்கு வந்துவிட்டான். இனி அவன் கடலில் இறங்கினாலும் சரி, கரையில் நிற்க நேர்ந்தாலும் சரி, அவன் கயிறு அறுபடவில்லை. அல்லாஹ் அவனுக்கு நலன் அருள்வானாக.