முடிவு வந்த மறுநாளின் கடமை



2024 ஜூன் 4ஆம் நாளை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குகளைக் காலை 8 மணிக்கு எண்ணத் தொடங்கினார்கள். அப்போது தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்த நம்மில் எத்தனை பேர் லுஹருக்கு எழுந்தோம், எத்தனை பேர் அஸரைக் களாவாக்கினோம் என்பதை அவரவர் நெஞ்சே அறியும். பாங்கோசை காதில் விழுந்தும், "இன்னும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன்" என்றவர்கள் நம் வீடுகளில் இல்லையா?

மொத்தம் 543 இடங்கள். ஆட்சி அமைக்க 272 வேண்டும். 2019இல் 303 இடங்களைப் பெற்றிருந்த பாரதீய ஜனதா கட்சி 240இல் நின்றது. தோழமைக் கட்சிகளையும் சேர்த்து 293 ஆயிற்று. ஆட்சி அவர்களிடமே இருந்தது. தமிழகத்திலோ 39 இடங்களும் தி.மு.க. அணிக்கே கிடைத்தன. ஆகவே ஒரே வீட்டில் ஒருவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று நிம்மதியடைந்தார். இன்னொருவர், இவ்வளவு பாடுபட்டும் டெல்லியில் ஆட்சி மாறவில்லையே என்று பெருமூச்சு விட்டார். மற்றொருவர், வென்றவர்களில் முஸ்லிம்கள் 24 பேர்தாமே என்று கணக்குப் போட்டு வருந்தினார். வேறு விதமாக எண்ணியவர்களும் நம்மிடையே உண்டு. யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்று துருவுவது நம் வேலையன்று.

மகிழ்ச்சியும் வருத்தமும் மனித இயல்பு. மார்க்கம் அவற்றைத் தடுக்கவில்லை. அந்த மகிழ்ச்சியிலும் வருத்தத்திலும் ஒரு முஃமின் அடுத்து என்ன செய்கிறான் என்பதையே அது கவனிக்கிறது. கைநழுவியதற்காக இடிந்து போகவும் வேண்டாம், கிடைத்ததற்காகத் தலைகால் தெரியாமல் ஆடவும் வேண்டாம் என்பது சூரத்துல் ஹதீதில் வல்ல நாயன் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

அந்த முடிவு வந்தது துல்கஃதா மாதத்தில். அதே துல்கஃதாவில்தான், ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில், ஏறத்தாழ 1,400 ஸஹாபாக்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். இஹ்ராம் உடுத்தி, குர்பானிப் பிராணிகளையும் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள், மக்காவை நெருங்கிய நிலையில் ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். இவ்வாண்டு திரும்பிப் போய் அடுத்த ஆண்டு வரவேண்டும், மக்காவிலிருந்து தப்பி வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றெல்லாம் உடன்படிக்கை எழுதப்பட்டது. காலில் விலங்குடன் தப்பி வந்த அபூ ஜந்தல் (ரலி) அவர்களை, ஸஹாபாக்களின் கண்ணெதிரே திருப்பி ஒப்படைக்க நேர்ந்தது. நாம் சத்தியத்தில் இருக்க, ஏன் இப்படிப் பணிந்து போகவேண்டும் என்று உமர் (ரலி) அவர்களே குமுறினார்கள். நம் ஏமாற்றம் அந்த ஏமாற்றத்தின் முன் எம்மாத்திரம்?

உடன்படிக்கை முடிந்ததும், எழுந்து குர்பானி கொடுத்து முடி களையுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மும்முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. அவர்கள் இறைவனை மறுத்தவர்கள் அல்லர். மனவேதனை அவர்களை அசையவிடாமல் செய்துவிட்டது. கூடாரத்துக்குள் வந்த நாயகம் (ஸல்) அவர்களிடம், அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: எவரிடமும் ஒன்றும் பேசாமல் வெளியே சென்று, தாங்களே முதலில் குர்பானி கொடுத்து, முடியையும் களைந்துகொள்ளுங்கள் என்று. அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்டதும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். திரும்பும் வழியிலேயே சூரத்துல் ஃபத்ஹு இறங்கியது. இரண்டே ஆண்டுகளில், 10,000 பேருடன் அதே மக்காவுக்குள் நுழைந்தார்கள்.

இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நமக்கும் இரண்டு ஆண்டில் வெற்றி வரும் என்று சோதிடம் சொல்ல இதை எடுத்துக் காட்டவில்லை. நாளை நடப்பது அல்லாஹ்வின் கையில். ஆனால், மனம் உடைந்து கிடக்கும்போது முதலில் எழுந்து அடுத்த கடமையைச் செய் என்பதே உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நமக்குத் தந்த மருந்து.

மகிழ்ந்தவர்களுக்கும் அந்த மக்காவிலேயே பாடம் உண்டு. வெற்றி வீரராக நுழைந்த நாயகம் (ஸல்) அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒட்டகத்தின் மீது தலைகுனிந்தே வந்தார்கள். தம்மை ஊரைவிட்டு விரட்டியவர்களை மன்னித்தார்கள். நம் தெருவில் வெடி வெடித்துத் தோற்றவரின் வாசலில் கூச்சலிடுவது யாருடைய ஸுன்னத்து?

அப்படியானால் நம் அடுத்த கடமை எது?

முதலாவது, தொழுகை. ஆட்சி யாரிடம் இருந்தாலும் சுபுஹுக்கு நேரம் மாறுவதில்லை. அன்று தவறவிட்டதைக் களாச் செய்யாதவர்கள் இன்றே செய்யட்டும்.

இரண்டாவது, நாவு. இப்போது நாவோடு கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. உண்மையா பொய்யா என்று விசாரிக்காமல் வாட்ஸ்அப்பில் வந்த பீதியை நாலு பேருக்கு அனுப்புவதும் புறங்கூறுவதும் நம் அமல்களைக் கரைத்துவிடும்.

மூன்றாவது, அண்டை வீடு. அந்தத் தேர்தல் முடிவு வந்த பதின்மூன்றாம் நாள் ஹஜ்ஜுப் பெருநாள். நாம் அறிந்த ஒரு வீட்டில் பெருநாள்தோறும் அடுத்த வீட்டு இந்துக் குடும்பத்துக்கு வட்டிலப்பம் போகும். அவ்வாண்டு, "அவங்க யாருக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு தெரியும்ல உம்மா, அங்க எதுக்குக் கொடுக்கணும்?" என்று மகன் தடுத்தான். தாய் கிண்ணத்தை அவன் கையிலேயே கொடுத்து, "உன் வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி வண்டி எடுத்துட்டு வந்தது யாரு வாப்பா? போய்க் கொடுத்துட்டு வா" என்றார். போனவன் திரும்பி வர அரைமணி நேரமாயிற்று. உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்களாம். ஒரு நாள் வாக்குக்காக இருபதாண்டு உறவை முறித்துக்கொள்ளாமல் அந்தத் தாய் காப்பாற்றினார்.

நான்காவது, குடிமக்களாகிய நம் வேலை. வாக்குச்சாவடி வரை போய், பட்டியலில் பெயர் இல்லையென்று திரும்பியவர்கள் எத்தனை பேர்! தேர்தல் நெருங்கும்போது பதறுவதில் பயனில்லை. 18 வயது நிறைந்த பிள்ளைக்குப் படிவம் 6, வீடு மாறியவருக்குப் படிவம் 8. ஜமாஅத்தில் படித்த இளைஞர்கள் ஜுமுஆவுக்குப் பின் அரைமணி நேரம் அமர்ந்து எழுதிக் கொடுத்தாலே ஒரு மஹல்லா பயன்பெறும். வென்றவர் நாம் வாக்களித்தவரோ இல்லையோ, அவர் நம் உறுப்பினர்தாம். பள்ளிக்கூடத்துக்கும் குடிநீருக்கும் அவரிடம் மனுக் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம்.

தேர்தல்கள் இனியும் வரும். சில நம்மை மகிழ்விக்கும், சில வருத்தும். எது வந்தாலும் கடமையை விட்டுவிடாத நெஞ்சுறுதியையும், அண்டை அயலாரோடு அன்பையும், நம் நாட்டுக்கு அமைதியையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.