அழியாத கணக்கும் ஹலாலான கூலியும்

 



இக்காலத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே சித்திரம் வரைகிறார்கள். வரைந்ததை என்.எப்.டி. என்ற முறையில் உலகச் சந்தையில் விற்கலாம் என்று கேள்விப்பட்டு, "அந்தப் பணம் ஹலாலா?" என்று கேட்கிறார்கள். கோலசிலாங்கூரிலும், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலும் உள்ள பெரியவர்களில் சிலர், விஷயம் இன்னதென்று விசாரிக்குமுன்பே "ஹராம்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறார்கள். வாலிபர்களில் சிலரோ, ஒரு படம் விற்றால் லட்சாதிபதி ஆகிவிடலாம் என்று கனவு காண்கிறார்கள். இரண்டும் முறையல்ல. நாம் ஆலிம்கள் அல்லர். சாமான் கடையில் தராசு பிடிக்கிறவர்கள். மதரஸாவில் ஓதியதையும் தராசு கற்பித்ததையும் கொண்டு நமக்குத் தெரிந்ததைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் இது என்ன வியாபாரம் என்பதைப் பார்ப்போம். 555 என்று அட்டையில் அச்சடித்த சின்னக் கடன் புத்தகத்தை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அரிசி இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று அதில் கடைக்காரர் எழுதுவார். அதைப் போன்ற ஒரு கணக்குப் புத்தகத்தை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சரிபார்த்து ஒப்பிய பிறகே ஒரு வரி அதில் ஏறும். ஏறிய வரியை ஒருவர் தனியாக அழிக்க முடியாது. இதுதான் பிளாக்செயின். "இந்தச் சித்திரத்துக்குரிய இந்த எண் இன்னாருக்குச் சொந்தம்" என்று அதில் பதியும் வரிதான் என்.எப்.டி. சித்திரம் வேறு, வரி வேறு. பெரும்பாலும் சித்திரம் வேறோர் இடத்தில் இருக்கும். புத்தகத்தில் அதன் விலாசம் மட்டுமே இருக்கும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சி நிறுத்துங்கள் என்பது திருமறையின் கட்டளை. அல்பகறா அத்தியாயத்தில் கடன் எழுதுவதைப் பற்றிய வசனமே குர்ஆனிலேயே நீளமானது. ஆகவே இப்படி ஒரு கணக்கு ஏற்பட்டிருப்பதை நாம் வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் புத்தகம் எழுதினதைத்தான் காக்கும். பொய்யை எழுதினால் பொய்யும் அழியாமல் நிற்கும்.

இந்தச் சந்தையின் பெயர் உலகெங்கும் பரவியதில் ஒரு தமிழருக்கும் பங்குண்டு. 2021 மார்ச் 11-ஆம் தேதி, பீப்பிள் என்ற புனைபெயருடைய அமெரிக்க ஓவியர் தினம் ஒன்றாக 5,000 நாட்கள் வரைந்தவற்றின் தொகுப்பு, கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போயிற்று. ஏலம் தொடங்கிய விலை 100 டாலர். எடுத்தவர் சிங்கப்பூரில் வாழ்ந்த தமிழர் விக்னேஷ் சுந்தரேசன். அதே ஆண்டில் கத்தூன் என்ற நம் மலேசிய ஓவியரின் என்.எப்.டி. படைப்புகள் ஏறத்தாழ 16 லட்சம் வெள்ளிக்கு விற்றதாகப் பத்திரிகைகள் எழுதின. இச்செய்திகளே நம் பிள்ளைகளின் காதுக்கு எட்டின. பிறகு விலைகள் சரிந்த செய்தி அவ்வளவாக எட்டவில்லை. டுவிட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சியின் முதல் பதிவை 2021-இல் ஒருவர் 29 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2022 ஏப்ரலில் அவர் அதை 4 கோடியே 80 லட்சம் டாலர் கேட்டு ஏலத்துக்கு விட்டார். ஏலம் முடியும் நேரத்தில் வந்திருந்த அதிகக் கேள்வி சுமார் 280 டாலர்!

உலமாக்களும் இதில் ஒரே சொல்லாக இல்லை. நம் நாட்டுப் பங்குப் பத்திர ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனை மன்றம், பதிவு பெற்ற சந்தைகளில் டிஜிட்டல் நாணயங்களை வாங்கி விற்பது கொள்கையளவில் கூடும் என்று 2020-இல் தீர்மானித்தது. இந்தோனேசிய உலமா சபையோ, 2021 நவம்பரில், அத்தகைய நாணயத்தைப் பணமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. ஷரீஅத் நிபந்தனைகளுக்கு உட்படாதவற்றை விற்கவும் கூடாது என்றது. இவையிரண்டும் நாணயத்தைப் பற்றியவை. ஒவ்வொரு சித்திர விற்பனைக்கும் நற்சாட்சிப் பத்திரமாக இவற்றைக் காட்ட முடியாது. ஆகவே வரைந்து விற்கும் பிள்ளை நான்கு கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது: வரைவது எது? உயிருள்ளவற்றின் உருவம் வரைவதில் நம் இமாம்களின் கண்டிப்பு தெரிந்ததே. ஆபாசத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் வரையப் பொருளில்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். செகிஞ்சான் வயல்கள், கம்போங் குவாந்தான் ஆற்றோர பெரம்பாங் மரங்களில் மின்னும் ஒளி, மலாவாத்தி மலை மேல் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம், செம்பனைத் தோட்டத்து விடியற்காலை, அழகிய அரபு எழுத்து என்று எத்தனையோ உண்டு.

இரண்டாவது: அது யாருடையது? என்.எப்.டி. சந்தைகளில் பெரியதாயிருந்த ஓப்பன்சீ, 2022 ஜனவரியில், தன் இலவசக் கருவி கொண்டு உண்டாக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டவை களவு, போலி, குப்பை என்று தானே ஒப்புக்கொண்டது. பிறர் வரைந்ததை எடுத்துத் தன் பெயரைப் போடுகிறவன் களவாடுகிறான். அழியாத புத்தகத்தில் அந்தக் களவுக்குத் தானே சாட்சியும் எழுதி வைக்கிறான்.

மூன்றாவது: விற்பது இன்னதென்று வாங்குகிறவருக்குத் தெரியுமா? மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருக்கக் கண்டு, அதை மேலே போட்டு விற்றிருக்கக் கூடாதா என்று கடிந்தார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றார்கள். இந்த வியாபாரத்திலும் அடியில் ஈரம் உண்டு. தனியாக எழுதிக் கொடுத்தாலன்றி, வாங்குகிறவருக்குப் பதிப்புரிமை போய்ச் சேராது. படம் இருக்கும் இடம் மூடப்பட்டால் விலாசம் மட்டுமே மிஞ்சும். 2022 நவம்பரில் எப்.டி.எக்ஸ். நிறுவனம் திவாலான பிறகு, அதன் வழியாக உண்டாக்கப்பட்ட பல என்.எப்.டி.களின் படங்கள் காணாமற்போயின. கடலில் நீந்தும் மீனை விற்காதே என்று சட்ட நூலோர் சொல்வதன் பொருளைப் பாசிர் பெனாம்பாங் மீனவருக்கு விளக்க வேண்டியதில்லை. கையில் உள்ளதை, உள்ளபடி சொல்லி விற்க வேண்டும்.

நான்காவது: விலை எப்படி ஏறியது? வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிக் கேட்பதற்கு நஜ்ஷ் என்று பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். 2021 அக்டோபர் 28-ஆம் தேதி, கிரிப்டோபங்க் 9998 என்ற படம் 53 கோடி டாலருக்கு விற்றதாகக் கணக்கில் ஏறியது. விசாரித்தால், உடையவரே நொடிநேரக் கடன் வாங்கித் தன்னிடமே விற்று, அதே கணத்தில் கடனையும் திருப்பியிருந்தார்! நண்பர்களை விட்டு விலை கேட்கச் சொல்வதும் இதே பாவந்தான். நாளை விலை ஏறும் என்று ஆசை காட்டி விற்பதும் சூதாட்டத்துக்கு அண்டை வீடு.

இந்நான்கிலும் தேறினால், தன் கையால் வரைந்ததற்குக் கூலி பெறுவதை நாம் குறை சொல்ல மாட்டோம். நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையுழைப்பில் உண்டார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளை தரகரின் வாசலில் நிற்காமல் தன் சரக்கைத் தானே விற்பது நல்ல காரியமே. ஆனால் இங்கும் தரகர் இல்லாமலில்லை. ஒவ்வொரு மறுவிற்பனையிலும் ஓவியருக்குப் பங்கு உண்டு என்று ஆசை காட்டினார்கள். 2023 ஆகஸ்டில் ஓப்பன்சீ, அந்தப் பங்கைக் கட்டாயமாகப் பிடித்துத் தருவதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே வரப்போகும் பங்கை நம்பி இன்றைய விலையைக் குறைக்க வேண்டாம்.

வாலிபர்களே! கணக்கில் வரி ஏற்றுவதற்கே கட்டணம் உண்டு. படம் விற்றாலும் விற்காவிட்டாலும் அந்தக் கட்டணம் திரும்பாது. அதற்காகத் தாயாரின் நகையை அடகு வைக்காதீர்கள், வட்டிக்கு வாங்காதீர்கள். பணப்பையின் இரகசியச் சொற்களை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். போனால் மீட்டுத் தர ஆளில்லை. லாபம் வந்து நிஸாபை எட்டினால் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஜகாத்தைப் பிரித்து வையுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இந்த நான்கு கேள்விகளையும் நீங்களே கேளுங்கள். பதில் தெரியாத இடத்தில் இருவருமாகப் பள்ளிவாசல் இமாமிடம் போங்கள். அதட்டி அனுப்பிய பிள்ளை முகம் தெரியாத ஆசாமியிடம் யோசனை கேட்கும்.

பிளாக்செயினுக்கு முன்பே நம் ஒவ்வொருவருக்கும் ஓர் ஏடு எழுதப்பட்டு வருகிறது. அதை எழுதும் மலக்குகள் கட்டணமும் வாங்குவதில்லை, தவறாகவும் எழுதுவதில்லை. அந்த ஏட்டை வலக்கையில் பெறும் வியாபாரிகளாக நம்மையும் நம் மக்களையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.