தகப்பன் ஆஸ்தியும் பிள்ளைகளின் பங்கும்



நமது கெலவரப்பள்ளியைச் சுற்றிய பூமி நம் பாட்டன்மார் காலத்தில் ராகியும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலம். ஓசூரில் தொழிற்பேட்டை வந்தது, ஆலைகள் பெருகின, பெங்களூர் பட்டணமும் நெருங்கி வந்தது. ஏக்கர் கணக்கில் அளந்த நிலத்தை இன்று சதுர அடிக் கணக்கில் பேசுகிறார்கள். நிலத்தின் விலை ஏற ஏற, கூடப் பிறந்தோரின் பாசம் இறங்கிப்போகும் வீடுகளும் உண்டு. ஆதலால் இவ்வாரம் ஒரு கேள்வியைச் சிந்திப்போம். நிலைமை வேறுபட்ட பல பிள்ளைகளை உடைய தகப்பன், தன் ஆஸ்தியை எப்படிப் பங்கிட்டால் அது நீதியாகும்?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறீஸ்தவன் ஒருவன் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். ஆண், பெண் என்ற வித்தியாசம் அதில் இல்லை. உயில் எழுதினாலோ, தன் சொந்த ஆஸ்தியை யாருக்கு வேண்டுமானாலும் அவன் கொடுக்கலாம். பிரான்சு தேசத்தில் அப்படியன்று. அங்கே ஒரே பிள்ளை இருந்தால் ஆஸ்தியில் பாதியையும், இருவர் இருந்தால் மூன்றில் இரண்டையும், மூவரோ மேலோ இருந்தால் நான்கில் மூன்றையும் பிள்ளைகளிடமிருந்து உயிலால் பறிக்க முடியாது. நம் சட்டம் அத்தகைய வேலி எதுவும் போடவில்லை. ஆனால் சட்டம் விட்டுவைத்ததை எல்லாம் மனச்சாட்சியும் விட்டுவைக்குமா?

திருவிதாங்கூரின் கதையைக் கேளுங்கள். 1916-ம் ஆண்டின் அந்நாட்டுக் கிறீஸ்தவ வாரிசுச் சட்டம், உயில் இல்லாதபோது மகளுக்குக் கொடுத்தது எவ்வளவு? மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. 1956 வரை நம் கன்னியாகுமரி மாவட்டமும் அந்தச் சீமையைச் சேர்ந்ததே. மேரி ராய் என்ற பெண்மணி தொடுத்த வழக்கில், 1951 முதலே அச்சட்டம் செல்லாது, 1925-ம் ஆண்டுச் சட்டமே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1986-ல் தீர்ப்பளித்தது. பிறகு நடந்ததென்ன? பெண்மக்களுக்குப் பங்கு போகாதபடி உயில் எழுதிவைத்த தகப்பன்மார் அங்கே உண்டு. சட்டம் திறந்த கதவை உயில் சாத்தியது.

நம் பக்கத்தில் உயில்கூட வேண்டியதில்லை. தகப்பன் இறந்தபின் சகோதரியைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப்போய், ஒரு சேலையும் சாப்பாடும் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் போதும். மறுத்தால் தாய்வீட்டு வாசல் அடைபடும் என்று அஞ்சி அவளும் கையெழுத்திடுகிறாள். பயத்தால் கொடுத்ததைப் பிரியத்தால் கொடுத்ததாக எண்ணி ஏற்கலாமோ?

“சுவாமி, எல்லாருக்கும் ஒரே அளவு என்பதுதான் நீதியா? மூத்தவன் பள்ளிக்கூடத்தை விட்டு மண்ணோடு உழைத்தான், இளையவன் வெளிநாட்டில் சம்பாதிக்கிறான்” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நீதியில் இரு வகை உண்டு. பட்ட கடனைத் தீர்ப்பது ஒன்று. பொதுவானதைப் பகிர்வது மற்றொன்று. கூலியின்றி உழைத்த மகனுக்குத் தகப்பன் கடன்பட்டிருக்கிறான். பெற்றோரை நோயில் தாங்கிய மகளுக்கும் அப்படியே. பங்கு போடுமுன் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். அடுத்து, தானாகப் பிழைக்க இயலாத பிள்ளை இருந்தால், அதன் ஜீவனத்துக்கு ஒதுக்க வேண்டும். மீதியைச் சமமாகப் பிரிப்பதே நேர்மை.

ஆனால் மூத்தவனும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராகி விளைந்தது அவன் வியர்வையால். நிலத்தின் விலை நூறு மடங்கானால், அது எந்த மகனுடைய வியர்வையாலும் அன்று. ஆலையும் சாலையும் கொண்டுவந்த அந்த ஏற்றத்தை உழைப்பின் கூலி என்று அவன் கேட்க முடியாது.

“மகளுக்கு நகை போட்டோமே” என்பார்கள். அதையும் கணக்கில் சேருங்கள். கூடவே மகனுடைய கல்லூரிச் செலவையும் சேருங்கள்.

வரியைக் காரணம் காட்டுவோரும் உண்டு. 1953 முதல் நம் நாட்டில் எஸ்டேட் வரி இருந்தது; பெரும் ஆஸ்திக்கு ஒரு காலத்தில் நூற்றுக்கு 85 வரை ஏறியது. 1985-ல் அது எடுபட்டது. இன்று இறந்தவர் ஆஸ்திக்கென்று தனி வரி இல்லை. ஆகவே வரிக்குப் பயந்து அனைத்தையும் ஒரே மகன் பேருக்கு எழுத வேண்டியதில்லை. வாரிசாக வந்த பட்டணத்து மனையை விற்கும்போது மாத்திரம் மூலதன ஆதாய வரி உண்டு. தகப்பன் வாங்கிய விலையைக் கொண்டே ஆதாயத்தைக் கணக்கிடுவார்கள்; 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியதானால் அன்றைய மதிப்பையும் கொள்ளலாம். ஆதலால் ஒருவனுக்கு மனையும் மற்றவளுக்கு ரொக்கமும் கொடுக்கும்போது, இந்த வரியையும் நினைத்துப் பிரியுங்கள்.

கோவிலுக்கு எழுதிவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நெருங்கிய உறவினர் உள்ள கிறீஸ்தவன் தர்ம காரியங்களுக்கு உயில் எழுதுவதைக் கட்டுப்படுத்திய 118-ம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2003-ல் ரத்து செய்தது. தடை நீங்கியது நல்லதே. ஆயினும் விதவையின் சோற்றையும் பிள்ளையின் பங்கையும் எடுத்துக் கோவிலுக்குக் கொடுப்பது காணிக்கையாகாது. அப்படிப்பட்டதைக் கொண்டுவர வேண்டாம் என்று உங்கள் பங்குக் குருவே சொல்கிறேன்.

உயில் எழுதுவோர் கவனிக்க: இரண்டு சாட்சிகள் வேண்டும், பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சிக் கையெழுத்திட்டால் அவர் பங்கு செல்லாது. எழுதியபின் எழுதியவர் விவாகம் செய்தால் பழைய உயில் ரத்தாகும். உயிரோடிருக்கையிலேயே சொத்தை மாற்றி எழுதுவோர், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்க்கட்டும். அதைப் பிள்ளைகள் மீறினால், 2007-ம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி அந்த மாற்றத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

பாகம் பிரித்துத் தரும்படி சகோதரனிடம் சொல்லுமாறு ஒருவன் நம் ஆண்டவரைக் கேட்டபோது, அவர் பாகம் பிரிக்க மறுத்து, பேராசைக்கு விலகும்படி எச்சரித்தாரென லூக்காஸ் சுவிசேஷம் 12-ம் அதிகாரம் சொல்லுகிறது. உங்கள் பிள்ளைகள் அந்த மனிதனைப்போல் ஒரு நடுவரைத் தேடி அலையாதிருக்கட்டும். உடலில் பலம் இருக்கும்போதே மகன்களையும் மகள்களையும் ஒன்றாக உட்காரவைத்து, யாருக்கு எது, ஏன் என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். எல்லார் முன்னும் சொல்லக் கூசும் பங்கீட்டைக் காகிதத்தில் எழுதாதிருங்கள்.